ஈரச் சுவர் கலைந்தது

ஒத்திகை அறைக்கு ஏறும் மாடிப்படியில் நின்று நெவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் பத்திரப்படுத்தினார். போன தடவை ஒரு ட்ரம்மர் விட்ட குத்தில் பழைய கண்ணாடி இரண்டாகிவிட்டது.

முப்பது வருஷமாக இசைப் பத்திரிகையாளர். இளைஞர்கள் எதைக் கேட்கிறார்கள், எதை உடுத்துகிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று வாராவாரம் எழுதுபவர். ஷெஃபீல்டில் அவருடைய பேனாவுக்குப் பயப்படாத கிதார் கிடையாது.

'ஈரச் சுவர்' என்ற புதிய குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றிச் சமீபத்தில் எழுதியிருந்தார். "நான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் சுவரில் துளை போட்டார்கள். மறுபடி கேட்கத் தோன்றியது அதைத்தான்." ஊரே அதைப் பகிர்ந்து சிரித்தது.

நேற்று அந்தக் குழுவின் பாடகன் கல்லம் கூப்பிட்டான். "தனியா வாங்க சார். போன்ல பேசற விஷயம் இல்ல."

"தனியா போகாதீங்க," என்றாள் பத்திரிகையின் ஆசிரியை.

"இந்தப் பசங்க மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று கிளம்பி வந்துவிட்டார்.

கதவைத் திறந்த கல்லம் ஆறடிக்கு மேல் இருந்தான். ஆனால் இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

"வாங்க சார், வாங்க. லிஃப்ட் வேற இல்ல. முட்டி வலியோட உங்களைப் படியேற வெச்சுட்டேன்."

கச்சேரிகளில் தான் நொண்டுவதைப் பார்த்திருப்பான் என்று நெவில் நினைத்துக்கொண்டார்.

அறை வெறிச்சோடிக் கிடந்தது. ட்ரம்ஸ் இல்லை, ஒலிபெருக்கிகள் இல்லை. இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்து, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு அவன் நின்றுகொண்டான்.

"முதல்லயே சொல்லிடறேன் தம்பி. எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்."

"ஐயோ, எதுக்கு சார் மாத்தணும்? எங்கம்மாவே படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"மத்த பசங்க எங்க?"

"குழுவைக் கலைச்சாச்சு சார். சாமான் எல்லாம் வித்தாச்சு. திங்கட்கிழமைலேர்ந்து பஸ் டிப்போல எனக்கு வேலை."

நெவில் தேநீரில் நனைத்த பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. எத்தனையோ குழுக்களைக் கிழித்திருக்கிறார். ஒன்றுகூட இப்படிச் செத்துப்போனதில்லை. உண்மையில் அந்த ஆல்பத்தின் நாலாவது பாட்டு அவருக்குப் பிடித்திருந்தது. துளை போடும் வாக்கியம் பிரமாதமாக வந்து விழுந்ததால் அதைச் சொல்லாமல் விட்டிருந்தார்.

"அந்த நாலாவது பாட்டு நல்லா இருந்துச்சுப்பா," என்றார். "அதை நான் எழுதியிருக்கணும். நாளைக்கே எழுதறேன். எவனோ ஒருத்தன் எழுதினான்னு யாராவது பாடறதையே விடுவாங்களா?"

"நீங்க எழுதினதால இல்ல சார்."

"பின்ன எதுக்கு?"

கல்லம் காலரைச் சரிசெய்துகொண்டான். தரையைப் பார்த்தான்.

"உங்க பொண்ணு மாசமா இருக்கா, மாமா."