பூசாத பக்கம்

கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் மொட்டை மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மடியில் சிமென்ட் சட்டி. கண்ணை இறுக மூடியிருந்தார்.

கயிற்றை மாடித் தூணில் சுற்றிப் பிடித்திருந்தவர் கொத்தனார். உண்மையில் தொங்க வேண்டியவர் அவர்தான். தனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று நைசாக நழுவிவிட்டார்.

தரையில் ஏணி போட்டுச் செய்கிற வேலைதான். ஆனால் அந்தத் தரை இவருடைய அண்ணனுடையது. எங்கள் சுவர் எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது. வெளிப்பக்கம் பூச வேண்டுமென்றால் அண்ணன் வீட்டு முற்றத்தில்தான் கால் வைக்க வேண்டும்.

பாகம் பிரித்தபோது ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக வந்த சண்டை. தொட்டி எப்போதோ உடைந்துவிட்டது. சண்டை மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது.

அந்த மண்ணில் தன் கால் படாது என்பது இவருடைய சபதம். கொத்தனாரை அங்கே நிற்க வைக்கலாமே என்றால், நாம் கூலி கொடுக்கிற காலும் நம் கால்தானாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் என்ன பேச?

அதனால் அந்தச் சுவர் உள்ளே நின்றே கட்டியது. வெளியே வெறும் செங்கல். போன மழைக்கு ஈரம் உள்ளே இறங்கியது, இடுக்கு வழியே ஊதல் காற்றும் வந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் மகளின் கட்டில். விடிய விடிய இருமினாள். இன்னொரு மழையை அவள் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குப் பயம்.

இவருக்கும்தான். இல்லாவிட்டால், ஸ்டூலில் ஏறினாலே தலைசுற்றுகிற மனிதர் கயிற்றில் தொங்குவாரா?

விடுமுறைக்கு என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு நேற்றுதான் திரும்பியிருந்தோம். வானம் கறுத்திருந்தது. இனியும் தள்ளிப்போட வழியில்லை.

பலகை பாதிச் சுவருக்கு வந்தது. கரண்டிச் சத்தம் மட்டும் வரவில்லை.

அதுவரை கீழே பார்க்கப் பயந்து மாடியில் ஒதுங்கி நின்ற நான், கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

செங்கல்லைக் காணோம். மேலிருந்து கீழ்வரை வழவழவென்று பூசி, ஈரம் புகாத பூச்சும் அடித்திருந்தது. ஓர் இடுக்குகூட இல்லை.

கீழே முற்றத்துக் கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்த என் ஓரகத்தி, அந்தரத்தில் தொங்கும் கொழுந்தனை அண்ணாந்து பார்த்தார். அவர் சிரிப்பை அடக்குவது மேலிருந்தே தெரிந்தது.

"நீங்க ஊர்ல இல்லாதப்ப உங்க அண்ணன்தான் பூசினாரு, தம்பி. போன மழைக்குப் புள்ள இருமுறப்பல்லாம் இங்க இவரு எழுந்து உக்காந்துக்குவாரு."

சட்டியில் சிமென்ட் இறுகிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இவர் மேலே பார்க்காமலேயே கொத்தனாரிடம் சொன்னார்.

"கயித்த விடுப்பா. கீழ வரைக்கும்."