இலைச் சட்டை

சத்தியமாக இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. கபாலி கோயில் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். குளத்தில் அவ்வளவு தண்ணீர் இருந்தால்.

அபிராமபுரத்து அனந்தராமன் பால்கனியில் உட்கார்ந்து ஒரு வாதாம் இலையைக் கத்தரிக்கோலால் சட்டை மாதிரி வெட்டினார். காலர், அரைக் கை எல்லாம் அம்சமாக வந்திருந்தது. அதை ஒரு முழம் மல்லிகையோடு சமையலறை வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டு, திரும்பி வந்து திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவர் தலை தெரிந்தால் மனைவி நீரஜா கதவைச் சாத்திக்கொள்வாள்.

கல்லூரியில் பழங்குடிகளின் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். வெள்ளைக்காரன் கப்பல் இலங்கைக்கு வந்துபோன காலத்தில், காட்டு வேடர்கள் கொல்லன் பட்டறையில் இறைச்சியை வைத்து, கூடவே வேண்டிய அம்புமுனையின் வடிவில் ஓர் இலையையும் வெட்டி வைத்துவிட்டு மறைந்துவிடுவார்களாம். கொல்லன் அதைப் பார்த்து முனையை அடித்து வைப்பான். பேச்சும் இல்லை, முகம் பார்ப்பதும் இல்லை. கட்டுப்படியாகாவிட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியதுதான்.

மாணவர்கள் தூங்கிய பாடம். இப்போது அவர் வீட்டில் அதுதான் குடித்தனம்.

எதிர்வீட்டு நூர் முஹம்மதுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "இன்னா சார், அம்மா இன்னும் கோவமாத்தான் கீறாங்களா? பேசாம கால்ல உழுந்துடு சார், மேட்டர் ஓவர்" என்பார். அனந்தராமன் சிரித்துவைப்பார். மறுக்க மாட்டார்.

ஸ்டூலில் மல்லிகை போயிருந்தது; பதிலுக்குக் காபி வந்திருந்தது. வாயில் வைத்தார். பத்து வருஷமாக அவருக்குச் சர்க்கரை போடாமல் கலந்த கை, இன்று இரண்டு ஸ்பூன் போட்டிருந்தது. இலை வைத்த இடத்திலேயே கிடந்தது.

அன்று கல்யாண நாள். பெண் பார்க்கப் போனபோது அவர் போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை, நீரஜாவின் பீரோவில் அந்துருண்டை வாசத்தோடு பத்திரமாக இருந்தது. சாவி அவள் இடுப்பில். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே நின்றால் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்ப்பாள் என்று அவருக்கு நப்பாசை.

கடலை மிட்டாயைக் கூட்டினார். இரண்டு எலுமிச்சம்பழம் வந்தது. மாட வீதிக்குப் போய் அவளுக்குப் பிடித்த அல்வா வாங்கிவந்து வைத்தார். ஓர் எவர்சில்வர் டவரா வந்தது. சட்டை மட்டும் வரவில்லை. இலையின் ஓரம் சுருள ஆரம்பித்துவிட்டது.

கடைசியில், விரலில் இறுகிப்போயிருந்த கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி இலையின்மேல் வைத்தார்.

மறுபடி திரைக்குப் பின்னால் போய் நின்றார். அப்புறம் திரை விலகியது. நீரஜா நின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

கை படாமல், இலையோடு மோதிரத்தை அவரிடம் நீட்டினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. வேற எது வேணும்னாலும் எடுத்துண்டு போங்கோ. அந்தச் சட்டையை மட்டும் தர மாட்டேன், எங்காத்துக்காரர் வந்தா கேப்பார்."