கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்டம்

“ஊதுங்க! ஊதுங்க! விடாதீங்க, இன்னும்... இன்னும்... அட, போச்சு!”

பாதி ஊதலில் குழாயை வாயிலிருந்து பிடுங்கிவிட்டார் அந்த பஸ் டிரைவர். திரையில் ஏறிக்கொண்டிருந்த கோடு தொப்பென்று விழுந்தது.

மூச்சுப் பரிசோதனை அறையில் தினமும் காலையிலிருந்து இப்படிக் கத்திக் கத்தியே, அங்கே வேலை பார்க்கும் அவளுக்கு ஆஸ்பத்திரி முழுக்க ‘ஊதுக்கா’ என்று பேர். தன்னால் ஊத வைக்க முடியாத ஆளே இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தை இன்றைக்கு இந்த மனுஷர் சுக்குநூறாக்கிக்கொண்டிருந்தார்.

“பாதியில மூச்சு அப்படியே நின்னுடுமோன்னு பயமா இருக்கும்மா.” சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“நிக்காது சார். உங்க ரத்தத்துல அழற்சி அளவு நல்லா இறங்கியிருக்கு. மூச்சுக்குழாய் வீக்கம் வத்திட்டு வருதுன்னு அர்த்தம். இதையும் சரியா ஊதிட்டீங்கன்னா டாக்டர் மாத்திரையைக் குறைச்சு, மறுபடி பஸ் ஓட்ட விடுவார். ஊதலைன்னா அவர் எதை வச்சு முடிவு பண்ணுவார்?”

“சரிம்மா.”

மூக்கில் கிளிப்பை மாட்டினாள். நன்றாக இழுத்தார். ஊத ஆரம்பித்தார்.

“புர்ர்ர்...”

டிரைவருக்குச் சிரிப்பு! குழாய் ஒரு பக்கம் தெறித்தது, கிளிப் ஒரு பக்கம் பறந்தது.

ஊதுக்கா திரும்பிப் பார்த்தாள். கதவுக் கண்ணாடிக்கு வெளியே, டிரைவருடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் அம்மா ஆடிக்கொண்டிருந்தாள். கன்னத்தைப் பூசணிக்காயாக உப்பிக்கொண்டு, கையை மேலும் கீழும் வீசிக்கொண்டு, அச்சு அசலாக ஊதுக்கா மாதிரியே!

ஊதுக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. கதவைத் திறந்தாள்.

“என்னம்மா இது? கட்டின புருஷன் உள்ளே மூச்சுக்குத் திணறிக்கிட்டிருக்கார். நீங்க வெளியே கூத்தடிக்கிறீங்களே!”

அதைக் கேட்டதும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

“பின்னே, அந்த மூஞ்சியைப் பாரும்மா. ஊதச் சொன்னா சொத்தையே எழுதிக் கேட்ட மாதிரி உட்கார்ந்திருக்கு!”

பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். உள்ளே டிரைவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

‘இப்படியும் ஒரு பொம்பளையா!’ ஊதுக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஆனால் டிரைவரைப் பார்த்தால், காதுவரைக்கும் ஏறியிருந்த தோள் இப்போது இறங்கியிருந்தது. இறுகிக் கிடந்த தாடை தளர்ந்திருந்தது.

“இன்னொரு தடவை குடும்மா. ஒரு கை பார்த்துடறேன்.”

ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். கோடு மலை மாதிரி ஏறி, நிதானமாக இறங்கிக் கடைசிவரைக்கும் போனது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே!

“வந்துடுச்சு சார்! வந்துடுச்சு!” ஊதுக்கா இருந்த இடத்திலேயே குதித்தாள். அப்புறம்தான் கோபம் ஞாபகம் வந்தது. “போய் உங்க வீட்டம்மாகிட்ட நல்ல சேதி சொல்லுங்க. அப்படியே, ஆஸ்பத்திரியில கொஞ்சம் அடக்கமா இருக்கவும் சொல்லுங்க.”

“எந்த வீட்டம்மா?” டிரைவர் முழித்தார். “அவங்களா? ஐயோ, அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மா! என் சம்சாரம் வேலைக்குப் போயிருக்கா. நான் பயந்துபோய் நைசா நழுவப் பார்த்தேன். லிஃப்ட் வாசல்ல மடக்கிப் பையைப் பிடுங்கிக்கிட்டாங்க. ஊதிட்டு வந்து வாங்கிக்கோன்னுட்டாங்க.”

ஊதுக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கதவைத் திறந்து, “அடுத்தது யாரு?” என்றாள்.

“நான்தான்.”

அந்த அம்மா பையை டிரைவர் கையில் திணித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“கொஞ்ச நேரம் பேசாம இருங்கம்மா. ஆடின மூச்சு அடங்கட்டும்,” என்றாள் ஊதுக்கா. மூச்சு அடங்கிய பிறகு குழாயைக் கையில் கொடுத்தாள். அந்த விரல்கள் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தன. குழாய் கடகடவென்று ஆடியது.

வெளியே டிரைவர் ஏற்கெனவே கன்னத்தை உப்பிக்கொண்டு ஒற்றைக் காலில் குதிக்க ஆரம்பித்திருந்தார். பெஞ்சு முழுக்கக் கைதட்டியது.

“என்னம்மா, உங்களுக்கா இப்படி நடுங்குது? அவருக்கு அவ்வளவு தைரியம் கொடுத்தீங்களே!”

“நடுங்காம என்ன செய்யும்? லிஃப்ட் வாசல்ல நான் எதுக்கு நின்னேன்னு நினைக்கிறே? நானும் ஓடத்தான்!”