அம்புக்கு மூன்று நிறம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கதவோரம் குளிர்காற்று வருகிறது, இந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். அம்பு வாங்கப் போன ஒருவனின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், உங்கள் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வெளியே, வில்லும் அம்பும் விற்கிற ஒரு கடை. தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஏப்ரல் மாதம், புதன்கிழமை மத்தியானம்.

கவுண்டரின் இந்தப் பக்கம் கிட்டுசாமியும் கருப்பசாமியும் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சாப்ட்வேர் கம்பெனி, ஒரே மேனேஜர்.

அந்த மேனேஜர் ஜெர்ரி வருஷாவருஷம் ஆபீஸ் ஆட்களைத் தன் நிலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டு வான்கோழி வேட்டையாட வைப்பார். ஆபீஸ்காரர்களுக்கு வில் அம்பு. அதே காட்டுக்குள் அவருடைய மச்சான்மார்கள் துப்பாக்கியோடு திரிவார்கள்.

கிட்டுசாமி போன வருஷமே போய்வந்தவன். கருப்பசாமிக்கு இந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவை.

கருப்பசாமி அமெரிக்கா வந்து பத்து மாதம். ஈமெயிலில் இங்கிலீஷை வெளுத்து வாங்குவான். டெக்சாஸ்காரர் வாயைத் திறந்தால் மட்டும் அவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

திங்கட்கிழமை ஜெர்ரி கிட்டுசாமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இந்த வருஷம் கம்பெனி ஒருவருக்குத்தான் கிரீன் கார்டு அப்ளை பண்ணும், அதைக் கருப்பசாமிக்குப் பண்ணலாம் என்று இருக்கிறேன், நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிட்டுசாமி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்துக் கை குலுக்கினான். அவனுடைய விசா செப்டம்பரில் முடிகிறது. அவன் வீட்டுக்கும் தவணை, காருக்கும் தவணை. மகள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள்.

கருப்பசாமிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

கடைக்காரக் கிழவர் இறகுப் பெட்டிகளைத் திறந்து வைத்தார். அம்பு நேராகப் பறக்க அதன் வால்பக்கம் ஒட்டுகிற இறகுகள். மஞ்சள், பச்சை, ஊதா, எல்லாம் இருந்தன.

கருப்பசாமியின் விரல் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக்கொண்டே போய் நின்றது.

"அண்ணே, ஒரு அம்புக்கு மூணு இறகுதானே? செவப்பு, வெள்ள, நீலம். அவங்க கொடி கலரு. ஜெர்ரி பாத்தா அசந்துருவாருல்ல?"

"வந்து பத்து மாசத்துல எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டே தம்பி," என்றான் கிட்டுசாமி.

கிழவரின் கை பெட்டி மேலேயே நின்றுவிட்டது. கன்னத்தில் புகையிலையை அடக்கியபடி நீளமாக என்னவோ சொன்னார். கருப்பசாமியின் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

"என்னண்ணே சொல்றாரு? ஒண்ணும் பிடிபடல."

"கொடிக்கு மரியாத பண்ற பையன்னு சந்தோஷப்படறார்."

கருப்பசாமி நெஞ்சில் கை வைத்துக் கிழவருக்கு இரண்டு தரம் தேங்க்ஸ் சொன்னான்.

கிழவர் சொன்னது இது. மகனே, வேறு எந்த நிறம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஆண் வான்கோழியின் தலை இந்த மூன்று நிறம்தான். உன் முதுகில் இந்த இறகு புதருக்கு மேலே அசைந்தால், துப்பாக்கிக்காரன் கோழித் தலை என்று நினைத்துச் சுட்டுவிடுவான். அப்படிச் சுடப்பட்டவனை எனக்குத் தெரியும்.

கிட்டுசாமிக்கு இது புதிதில்லை. போன வருஷம் அவன் பையில் இருந்த சிவப்புக் கைக்குட்டையைக்கூட ஜெர்ரி பிடுங்கி வண்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

"அவனுக்கு விளங்கும்படி சொன்னாயா?" என்று கிழவர் கேட்டார்.

"சொன்னேன். பிடிவாதக்காரன், கேட்கவில்லை," என்றான் கிட்டுசாமி, நல்ல இங்கிலீஷில்.

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார். வாங்குகிறவன் கேட்டதைக் கொடுப்பதுதானே கடைக்காரன் வேலை. ஆறு அம்புக்கும் மூன்று நிற இறகையும் ஒவ்வொன்றாக ஒட்டினார். அதுவரை கருப்பசாமி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஜெர்ரிகிட்ட முன்னாடியே காட்டிடாத தம்பி. விடியறதுக்கு முன்னால இருட்டுலதான் உள்ள எறக்கி விடுவார். பையோட கொண்டு போ, அப்புறம் எடுத்து முதுகுல மாட்டிக்க. கோழி விழுந்தப்புறம் பாக்கட்டும்."

"சரிண்ணே."

காமாட்சிக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்றும் சொன்னான். காமாட்சி அவன் பெண்டாட்டி. ஜூனில் வருகிறாள், டிக்கெட் போட்டாகிவிட்டது.

கிழவருக்கு மனசு கேட்கவில்லை. கவுண்டருக்கு அடியில் துழாவி ஒரு தொப்பியை எடுத்தார். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம். காட்டில் ஆள் நடந்து வருகிறான் என்று அரை மைலுக்கு அப்பாலிருந்தே தெரியவைக்கிற தொப்பி. காசு வேண்டாம் என்று கையாட்டி, அம்புக் கட்டின் மேல் வைத்துக் கருப்பசாமி பக்கமாகத் தள்ளினார். "இதையாவது போட்டுக்கொள்ளச் சொல்," என்றார்.

உள்ளே டெலிபோன் அடித்தது. கிழவர் எடுக்கப் போனார்.

கருப்பசாமி தொப்பியை எடுக்கக் கை நீட்டினான்.

கிட்டுசாமியின் கை முந்திக்கொண்டது.

"பழைய கஸ்டமருன்னு எனக்குக் குடுக்கறார்," என்று சொல்லித் தலையில் வைத்துக்கொண்டான்.

தொப்பி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது. கருப்பசாமி அம்புக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தொப்பியை நேராக்கி விட்டான்.

"எடுப்பா இருக்குண்ணே. எம்புட்டுத் தூரத்துல இருந்தாலும் தெரிவீங்க."

அவ்வளவுதான் கண்ணுகளா. போய்ப் படுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பாஷை தெரியாத ஊருக்குப் புறப்படுகிற பிள்ளைக்கு, பக்கத்தில் நிற்கிறவன் வாய் சுத்தமாக இருக்கட்டும். போனவர்களெல்லாம் போனபடியே திரும்பி வந்து, உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றட்டும்.