சித்தி அடித்த கூத்து

அக்கா கதவைத் திறந்ததும் திறக்காததுமாகத் தங்கை உள்ளே வந்து விழுந்தாள். கூடவே குப்பென்று பிராந்தி வாடை.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹாலில் மகளுடைய சிநேகிதிகள் கேக் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூட வாலிபால் அணிக்கு மகளைக் கேப்டனாகப் போட்டிருந்தார்கள். அதற்குத்தான் இந்தச் சின்ன விருந்து.

"எங்க என் பாப்பா? சித்தி வந்திருக்கேன்" என்று குழறினாள் தங்கை.

மகள் எழுந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

அவளைக் கட்டிக்கொள்ளப் போன தங்கை தடுமாறி மேஜை விரிப்பைப் பிடித்தாள். கேக்கும் அவளும் சேர்ந்து தரைக்கு வந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து, வேலை போன கதை, புருஷன் விட்டுப்போன கதை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மூக்கைச் சிந்தி அழ ஆரம்பித்தாள். சிநேகிதிகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி நைசாக செல்போனைத் தூக்கினாள்.

"அம்மா, இவங்களை வெளியில அனுப்பு."

சித்தி என்றுகூடச் சொல்லவில்லை. பிள்ளையில்லாத அந்தச் சித்திதான் அவளுக்குத் தலைபின்னிவிட்டவள், சைக்கிள் பழக்கியவள். மகள் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

குடி மறுவாழ்வு மையத்துக்கு அக்காவே நடையாய் நடந்து மீட்டுக்கொண்டு வந்த தங்கை. சில வருஷமாகத் தொடவே இல்லை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாளே.

கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்கு வெளியே மாடிப்படிக்கு இழுத்துப் போனாள். இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே, இப்படி ஒருத்தி எனக்குக் கூடப் பிறக்கவே இல்லை என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள்.

படி திரும்புகிற இடத்தில்தான் அக்காவுக்கு என்னவோ உறுத்தியது. தங்கையின் கால்கள் ஒவ்வொரு படியிலும் ஒழுங்காகப் பதிந்து இறங்கின.

அக்காவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்திருப்பவள். சட்டென்று நின்று தங்கையின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஊது."

தங்கை தயங்கினாள். பிறகு ஊதினாள்.

ஒரு வாடையும் இல்லை. ஈரமாயிருந்த சட்டைதான் நாறியது.

"என்னடி இது?"

தங்கை படியில் உட்கார்ந்தாள். "உங்க கல்யாண நாளன்னிக்கு மாமா விளையாட்டா தன் பொண்ணுக்கே ஒரு மடக்கு பிராந்தி குடுத்தாரே. எல்லாரும் சிரிச்சீங்க. நான் அவ முகத்தையே பார்த்துட்டு இருந்தேன். புதுசாக் குடிக்கிற பிள்ளை முகத்தைச் சுளிக்கும், துப்பும். இவளுக்குக் கண்ணு பளிச்சுன்னு ஆச்சுக்கா. இன்னொரு மடக்கு கேட்டா. எனக்கும் அந்த வயசுல அப்படித்தான் இருந்துச்சு. நம்ம அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்."

மையத்து டாக்டர் அவளிடம் விளக்கியிருந்தாராம். சந்தோஷம் வந்தால் துள்ளுகிற இடம் ஒன்று மூளையில் இருக்கிறது. சில குடும்பங்களில் குடி உள்ளே போனால் அது மற்றவர்களைவிடக் கூடுதலாகத் துள்ளும். அந்த வாகு ரத்தத்தோடு பிள்ளைகளுக்கும் இறங்கலாம். அதனால் குடிகாரராகியே தீரணும் என்றில்லை. ஆனால் பள்ளிக்கூட வயதிலேயே ருசி கண்டுவிட்டால் மீள்வது பெரும்பாடு. இதை மாமாவிடம் சொல்லப் போனதற்கு, நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று அவர் கேலி பண்ணி அனுப்பிவிட்டாராம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அன்னிக்கு நீயும்தானேக்கா சிரிச்சே."

அக்காவும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"அவகிட்டயே புத்தி சொல்லலாம்னு பார்த்தேன். கேக்கற வயசா அது? நான் கேட்டேனா? குடிச்சா எந்தக் கோலத்துல கிடப்போம்னு அவ கண்ணால பார்க்கட்டும்னுதான் வந்தேன்."

"அவ இனிமே உன் முகத்துலயே முழிக்க மாட்டாடி."

"தெரியும்" என்றாள் தங்கை. சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

அந்த ஈரத்தைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் கழித்து இவள் ஒரு பாட்டிலைக் கையால் தொட்டிருக்கிறாளே.

"இதுக்காக மறுபடியும் அந்தக் கடை வாசலுக்குப் போனியா?"

தங்கை மேலே, சாத்தியிருந்த கதவு கேட்டுவிடுமோ என்பதுபோலப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கடைக்குப் போகலைக்கா. போன வாரம் பாப்பாவோட விளையாட்டுப் பையிலிருந்து எடுத்தேன்."