மாப்பிள்ளைக்கு ஏற்ற பாதை

தங்கை வீட்டுக்காரர் புது மலை சைக்கிளோடு எங்கள் மலைக்கிராமத்தில் வந்து இறங்கினார். கல்யாணத்தன்றுகூட இல்லாத மாப்பிள்ளை முறுக்கு, ஹெல்மெட் போட்டதும் வந்திருந்தது.

"எங்க ஓட்டலாம் மச்சான்?"

"ஏரிப் பாதை நல்லா இருக்கும், மாப்பிள்ளை."

"அது சின்னப் பசங்களுக்கு."

"பைன் காட்டுச் சரிவு?"

"செல்ஃபி கூட்டம் நிக்கும். உங்க ஊர்ல உருப்படியா ஒரு பாதை இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. "மூடிப்போன கல்குவாரி ரோடு இருக்கு. காக்கா குருவிகூட வராது."

"அதான் வேணும். நீங்களும் வாங்க."

குவாரிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சீட்டைப் பிடிச்சுக்கங்க மச்சான், விட்டுடாதீங்க. நாளைக்கு உங்க மருமக வர்றா. அப்பாகூட மலையில ஓட்டணுமாம். நான் பெரிய சாம்பியன்னு நினைச்சுக்கிட்டிருக்கா."

பிடித்துக்கொண்டேன். எனக்கும் ஓட்டத் தெரியாது என்று சொல்லி, அவர் தைரியத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.