பழகிய மீன்கொத்தி

“என் வீட்டுக்காரர் சந்தோஷத்துக்கு எழுபத்தெட்டாயிரம்னு விலை போட்டு வச்சிருக்கீங்களே அண்ணே, இது நியாயமா?”

கேமராக் கடைக்காரர் சிரித்தார். “சந்தோஷத்துக்கு விலை ஏது தங்கச்சி? நான் சொன்னது கேமராவுக்கு.”

“அப்ப எழுபதுக்குக் குடுங்க. சந்தோஷத்தை நான் பாத்துக்கறேன்.”

அவள் மொத்த வியாபாரி மகள். தொட்டிலை ஆட்டியவர்களிடமே ‘இன்னும் நாலு ஆட்டு’ என்று பேரம் பேசியவள் என்று பிறந்த வீட்டில் சொல்வார்கள். தையல் மெஷினை மிதித்து மிதித்துச் சேர்த்த பணம் கைப்பையில் கனத்தது. தன் காசில் கணவருக்கு ஒரு நல்ல கேமரா. அதற்காக இந்த வருஷம் தனக்கென்று ஒரு செருப்புகூட அவள் வாங்கவில்லை.

கணவரோ பல் பிடுங்க வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, இந்த ரெண்டு கேமராவையும் கையில தூக்கிப் பாருங்க. எது வேணும்?”

“எனக்கெதுக்கும்மா இதெல்லாம்? பழசே போதும்.”

“பாத்தீங்களா அண்ணே, என் காசு கரையக் கூடாதாம்!”

கடைக்காரர் பெரிய கேமராவை அவர் பக்கம் நகர்த்தினார். “சார் எதைப் படம் எடுப்பீங்க?”

“பறவை,” என்றாள் மனைவி. “ஞாயித்துக்கிழமை இருட்டுலயே கிளம்பினார்னா சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். ரெண்டு வருஷமா ஒரு வாரம் தப்பினதில்ல. ஏரிக்கரையில ஒரு மீன்கொத்தி எடுத்திருக்கார் பாருங்க, அது கண்ணுக்குள்ள தண்ணி தெரியும்!”

“அடடே! எந்த லென்ஸ்ல சார்?”

“கேமராவோட வந்ததுதான்.”

“அந்தச் சின்ன லென்ஸா? அதுக்கு மீன்கொத்தி மூக்குகிட்ட போய் நிக்கணுமே. பறந்துடாதா?”

“பழகிடுச்சு.”

“அவருக்குப் பொறுமை ஜாஸ்தி அண்ணே,” என்றாள் பெருமையாக.

கண்ணாடி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு, வாயைக் கொடுத்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று மறுபடி துடைத்தது.

“கடைசி விலை எழுபத்திரண்டு. பழைய கேமரா இருந்தாக் குடுங்க, அதுக்கும் ஒரு விலை போட்டுக் கழிச்சுக்கறேன்.”

அவள் கைப்பைக்குள்ளிருந்து பழைய கேமராவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் கணவரின் கை அதன்மேல் விழுந்தது.

“இதை எப்ப எடுத்துட்டு வந்தே?”

“காலையில, பீரோவுலேருந்து. ஏன்?”

“முதல் கேமரா. ஞாபகமா இருக்கட்டுமே.”

“ஞாபகத்தை வச்சுக்க வீட்டுல எங்க இடம் இருக்கு? கையை எடுங்க.”

அவர் கையை எடுத்தார். ஆனால் அதற்குள் பக்கவாட்டு மூடியைத் திறந்து மெமரி கார்டை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பேரம் பேசிய குரல் சட்டென்று இறங்கியது. “அதுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா ஏசியில இப்படி வேர்க்குது?”

கடைக்காரர் திரும்பிக்கொண்டு அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

“கடையில வச்சு வேணாமே. வீட்டுல போய்ப் பேசலாம்...”

“குடுங்கன்னேன்.”

அவரால் மறுக்க முடியவில்லை. கார்டு கை மாறியது. “அண்ணே, இதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க.”

யார் முகம் வரப் போகிறது? பையின் வாரை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். விரல் வெளுத்தது. கடைக்காரர் கார்டைக் கணினியில் செருகினார். திரையைப் பார்த்தார்.

“படமே இல்லியே தங்கச்சி. சுத்தமாக் காலி.”

“எல்லாத்தையும் வீட்டு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு அழிச்சுட்டேன்,” என்றார் கணவர். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. “பழக்கதோஷத்துல உருவிட்டேன். அதுக்குள்ள நீ...”

அவள் தலை குனிந்தது. “தப்புதாங்க. என் புத்தி எங்கெங்கயோ போயிடுச்சு.”

பையைத் திறந்து பணக்கட்டை வெளியே எடுத்தாள். “அண்ணே, பெரிய கேமராவையே குடுங்க. எழுபத்திரண்டே இருக்கட்டும்.”

அவள் பேரத்தைப் பாதியில் விட்டது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. கணவர் அப்போதுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கடைக்காரர் பழைய கேமராவில் ஒரு வயரைச் செருகிக் கணினியோடு இணைத்தார்.

“இன்னும் என்ன பாக்கறீங்க?” கணவர் மறுபடி நிமிர்ந்தார்.

“பழசுக்கு விலை போடணுமே சார். ஒவ்வொரு தடவை படம் எடுக்கும்போதும் உள்ள ஒரு எண் ஏறும், வண்டிக்குக் கிலோமீட்டர் மாதிரி. கார்டை உருவினாலும் படத்தை அழிச்சாலும் அது அழியாது. உங்களை மாதிரி வாரம் தவறாம எடுக்கறவங்கன்னா அம்பதாயிரம் படமாவது ஓடியிருக்கும்...”

கடைக்காரர் திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அடேயப்பா! மொத்தமே பத்தொன்பது! தங்கச்சி, இது பழசே இல்ல, பெட்டி பிரிக்காத புதுசு மாதிரி. விலையை நீங்களே சொல்லுங்க!”

அவள் பணக்கட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பழைய கேமராவையும் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

“எங்க ஹால் சுவத்துல இவர் எடுத்ததா சட்டம் போட்டு மாட்டியிருக்கறதே இருபத்தாறு படம் அண்ணே,” என்று எழுந்தாள். “நம்ம கணக்கு நேராயிடுச்சு. இவர்கிட்டதான் எனக்கு ரெண்டு வருஷத்து ஞாயித்துக்கிழமை பாக்கி.”